எட்டாவது கோடு

12 ஜூன், புதன்

மில்லில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பழுதுக் குறிப்பு வைப்போம். என்றைக்கு நின்றது, பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன மாற்றினோம், அவ்வளவுதான். எலக்ட்ரானிக் போர்டுகளோடு மாரடித்தே பாதி ஆயுசு போனதில் இந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. இன்று முதல் சாந்தாமணியின் மூச்சு மெஷினுக்கும் ஒரு குறிப்பு.

மெஷின் பழையது. மூடிப்போன ஒரு கிளினிக்கிலிருந்து வாங்கியது. உபயோகிப்பவர் என் மனைவி. நரம்பு நோய். முதலில் கால் போனது, பிறகு கை, இப்போது மூச்சு இழுக்கிற தசையும் போய்க்கொண்டிருக்கிறது. மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க் வழியாக மெஷின்தான் காற்றை உள்ளே தள்ளுகிறது. சாப்பிட மாஸ்க்கைக் கழற்றினால் ஐந்தாறு வாய்க்குள் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

இன்று மத்தியானம் மெஷின் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தது கோகிலா, சாந்தாமணியின் தங்கை. கல்யாணம் ஆகாதவள், தையல் வேலையை விட்டுவிட்டு அக்காவுக்காக எங்களோடு வந்து இருக்கிறாள். மில்லுக்குப் போன் போட்டு, மெஷின் நின்னுபோச்சுங்க என்றாள். சிங்காநல்லூர் சிக்னலை எப்படித் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. நான் வருவதற்குள் மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. தானாக ஓடிவிட்டது என்றாள். சாந்தாமணியின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி கருத்திருந்தது.

என்ன மாற்றினோம்: எதுவும் இல்லை.

13 ஜூன், வியாழன்

கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்த மாடல் வழக்கொழிந்து பல வருஷம் ஆகிறதாம். "புதுசு வாங்கிடுங்க சார்" என்கிறான். சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது.

16 ஜூன், ஞாயிறு

அவசரத்துக்கென்று வைத்திருக்கிற, ஒரு மணி நேரமே தாங்கும் சின்ன மெஷினைப் போட்டு ஒப்பேற்றிவிட்டு இதைத் திறந்து பார்த்தேன். தூசி நிறைய. பவர் சப்ளை ஒழுங்காக இருக்கிறது. மோட்டார் பேரிங் லேசாகக் கரகரக்கிறது, ஆனால் அதனால் நிற்காது.

ஒன்றுதான் உறுத்துகிறது. கரண்ட் போனாலோ, மோட்டார் சிக்கினாலோ, குழாய் கழன்றாலோ இந்தச் சனியன் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறும். புதன்கிழமை அலறவில்லை. கோகிலாவிடம் இரண்டு தடவை கேட்டேன், சத்தமே வரவில்லை என்றாள். அப்படியானால் மோட்டாரையும் அலாரத்தையும் ஒரே நேரத்தில் எதுவோ அமுக்குகிறது. போர்டில் எங்கோ நடுமையத்தில் பழுது.

மாஸ்க்கை மாட்டும்போது சாந்தாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பேசினால் ஆக்சிஜன் அளவு இறங்கும். அப்புறம் பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பட்டையை இறுக்கினேன்.

19 ஜூன், புதன்

மறுபடி நின்றது. பகல் பதினொன்றரை. கோகிலா பக்கத்தில். அலாரம் இல்லை. மறுபடி தானாக ஓடியிருக்கிறது.

ஒரு தடவைகூட என் கண் முன்னால் நிற்க மாட்டேன் என்கிறது. பழுதான மெஷினின் குணமே அதுதான். மெக்கானிக்கைக் கண்டால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு ஓடும்.

சாயங்காலம் நரம்பு டாக்டரிடம் போய் ரிப்போர்ட்டைக் காட்டினேன். மாஸ்க் இனி ரொம்ப நாள் தாங்காது, தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்துவிட்டால் வருஷக்கணக்கில் ஓட்டலாம் என்றார். வைத்துவிடலாம் என்றேன். அவர் சாந்தாமணியைக் கேட்டீர்களா என்றார். கேட்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் மெஷின் ஞாபகத்தில் அது விட்டுப்போயிற்று.

22 ஜூன், சனி

மில் ஸ்டோரில் வேண்டாமென்று கழித்துப் போட்டிருந்த டிஜிட்டல் ஸ்கோப்பை சூப்பர்வைசரிடம் கேட்டு எடுத்து வந்தேன். சிக்னலைக் கோடாகக் காட்டும், விழுந்த நொடியைப் பிடித்து அப்படியே நிறுத்தியும் வைக்கும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இடம்தான் பார்க்கலாம். எனக்கு ஏழெட்டு இடம் பார்க்க வேண்டும். எட்டில் எது முதலில் விழுகிறதோ அதுதான் திருடன்.

அதற்கென்று விற்கிற கருவி நம் ஊர்க் கடையில் கிடைக்காது. நானே செய்துகொள்கிறேன். பெரிய வித்தை இல்லை. எட்டு வயரையும் ஒரு ஸ்விட்ச் ஐசி மாற்றி மாற்றித் தொடும். அதற்கு வரிசை சொல்ல ஒரு கவுண்ட்டர் ஐசி. ஒவ்வொரு வயருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உயரம் கூட்ட ரெசிஸ்டர்கள். கண் ஏமாறும் வேகத்தில் ஓடவிட்டால் ஒரே திரையில் எட்டுக் கோடு, மொட்டை மாடியில் துணி காயப்போடக் கட்டிய கயிறுகள் மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். எந்த வயரில் சிக்னல் விழுந்தாலும் அதன் கோடு மட்டும் ஒரு படி இறங்கும்.

ஐசி எல்லாம் காந்திபுரத்தில் கிடைத்தது. கடைக்காரன் எதுக்குங்க என்று கேட்டான். பொழுது போகவில்லை என்றேன்.

23 ஜூன், ஞாயிறு

நாள் பூராவும் சாந்தாமணியின் கட்டில் பக்கத்திலேயே மேஜையைப் போட்டு ஈயம் பற்றவைத்தேன். பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் பேட்டரியில் ஓடவைக்கிறேன். அவள் மாஸ்க் பக்கம் ஒரு பொட்டு கரண்ட் போய்விடக் கூடாது. வேலை சுத்தமாக வந்திருக்கிறது. நானே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான், வேறு யார் இருக்கிறார்கள்.

கோகிலா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு இது என்ன காட்டும் என்று கேட்டாள். மெஷின் நிற்கிற நொடியில் உள்ளே என்ன நடந்தது என்று வரிசையாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்றேன். எல்லாத்தையுமா என்றாள். எல்லாத்தையும் என்றேன். முகம் வெளிறிப்போனது. ஈயப் புகை ஒத்துக்கொள்ளவில்லை போல. ஜன்னலைத் திறந்துவைக்கச் சொன்னேன்.

சாந்தாமணி என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒருமுறை சிரித்தாள்.

25 ஜூன், செவ்வாய்

பழைய மெஷினுக்குள் வயர் இழுக்க வேண்டும், அதுவரை வாடகைக்கு வேறொன்று எடுத்தேன். நல்ல புது மெஷின், சத்தமே இல்லை.

27 ஜூன், வியாழன்

வாடகை மெஷினும் நின்றது! பகலில்தான். அலாரம் இல்லாமல்தான்.

கடைக்காரனைப் பிடித்து விளாசிவிட்டேன். அவன் பதிலுக்கு, இதுவரை இருபது வீட்டில் ஓடியிருக்கு சார், எந்த வீட்டிலும் நின்றதில்லை, உங்கள் வீட்டில் என்னமோ இருக்கிறது என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. வீட்டு லைனில்தான் கோளாறு. எர்த் சரியில்லாமல் இருக்கும். எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லி எர்த் குழியைத் தோண்டிப் புதுக் கம்பி அடித்தேன்.

கோகிலா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஊருக்குப் போய் அண்ணன் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். இந்த நேரத்தில் போனால் எப்படி என்று சத்தம் போட்டேன். இந்த வீட்டில் நான் நம்புவது அவள் ஒருத்தியைத்தான்.

30 ஜூன், ஞாயிறு

பழைய மெஷினுக்குள் ஏழு இடத்தில் வயர் பற்றவைத்து வெளியே எடுத்துவிட்டேன். மோட்டார், அதற்குக் கரண்ட் விடுகிற ரிலே, அலாரம், அழுத்தமானி, பவர், ரீசெட், கிளாக். ஸ்கோப்பைப் போட்டால் எட்டுக் கோடும் நிற்கிறது. எட்டாவது கோடு மட்டும் நடுங்குகிறது. ஆஹா, மாட்டினான் திருடன் என்று குதித்தேன். ஒரு கெப்பாசிட்டரை மாற்றினேன். நடுக்கம் நிற்கவில்லை. இன்னொன்றை மாற்றினேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போன பிறகுதான் உறைத்தது, எட்டாவது வயரை நான் எங்கேயும் மாட்டவே இல்லை. அந்தரத்தில் தொங்குகிற வயர் வீட்டு கரண்டின் இரைச்சலை வாங்கிக்கொண்டு தானாக ஆடும். பயிற்சிப் பையன்களுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற விஷயம். தலையில் அடித்துக்கொண்டேன்.

சும்மா தொங்கவிடாமல் எங்காவது கட்ட வேண்டுமே என்று பக்கத்தில் கைக்கு எட்டிய இடத்தில், முன்பக்க ஆன்-ஆஃப் பட்டனின் வயரில் பற்றவைத்துவிட்டேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. கோடு ஆடாமல் இருந்தால் சரி.

1 ஜூலை, திங்கள்

மெஷின், பெட்டி, ஸ்கோப் எல்லாம் தயார். மோட்டார் கோடு விழுந்தால் ஸ்கோப் அந்த நொடிக்கு முன்னும் பின்னும் உள்ளதை அப்படியே பிடித்து நிறுத்திவிடும். ஸ்கோப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, அதைத் தொடக்கூடாது என்று கோகிலாவிடம் சொன்னேன். தலையாட்டினாள்.

கிளம்பும்போது சாந்தாமணி, "மில்லுக்குப் போகாதீங்க இன்னிக்கு" என்றாள். மாஸ்க்குக்குள்ளிருந்து அவள் குரல் ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தைதான் வரும், அதற்குள் நேரமாகிவிட்டது. சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றேன். சீக்கிரம் வர முடியவில்லை.

4 ஜூலை, வியாழன்

நின்றது. பிடித்துவிட்டேன்.

முதலில் விழுந்தது எட்டாவது கோடு.

திரையில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். எட்டாவது கோடு இறங்குகிறது, சிறிது நேரம் கீழேயே நிற்கிறது. பிறகு ரிலே, அதன்பின் மோட்டார். பவர் அசையவில்லை. ரீசெட் அசையவில்லை. போர்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அதன்பின் மோட்டார் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது, திரையில் பாதிக்கு மேல். அவ்வளவு நேரமும் அவளுக்குக் காற்று இல்லை. அதற்கப்புறம் எட்டாவது கோடு மறுபடி இறங்கி ஏறுகிறது, மோட்டார் எழுகிறது.

பட்டனுக்குள் ஈரம் இறங்கியிருக்க வேண்டும். கோவையில் இந்தச் சாரல் மாதத்தில் எல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும். நாளைக்குப் பட்டனைக் கழற்றிப் பார்க்கிறேன்.

5 ஜூலை, வெள்ளி

பட்டனுக்குள் ஈரம் இல்லை. துரு இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கிறது.

6 ஜூலை, சனி

ஈரத்தால் ஒட்டிக்கொள்கிற பட்டன் திரையில் படபடவென்று துடிக்கும். இது துடிக்கவில்லை. ஒரு விரல் அழுத்தி, மெஷின் நிற்கும்வரை பிடித்திருந்து, விட்டிருக்கிறது. பட்டனால் முறைப்படி நிறுத்தினால் அலாரமும் அடிக்காது. எனக்கு இது வியாழக்கிழமையே தெரியும். தெரியாத மாதிரி ஒரு நாள் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

சாந்தாமணியால் விரலை அசைக்க முடியாது.

கோகிலாவை அடுக்களையில் கூப்பிட்டு ஸ்கோப்பைக் காட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை, காட்டினேன், அவ்வளவுதான்.

"அக்காதான் கேட்டுச்சுங்க மச்சான். நீங்க வண்டிய எடுத்துட்டுப் போனதும் தெனமும் கேக்கும். நாந்தான் ஆஃப் பண்ணுனேன். கண்ணு மேல சொருகுனதும் பயந்துபோய்ப் போட்டுட்டேன். என்னால ரெண்டும் முடியலைங்க மச்சான்."

அதன்பிறகு நான் பேசியதை இங்கே எழுத மாட்டேன். கொலைகாரி என்றேன், அது ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அந்தப் பக்கத்து அறையில் சாந்தாமணிக்குக் காது நன்றாகக் கேட்கும்.

7 ஜூலை, ஞாயிறு

கோகிலாவை உடுமலைக்கு, அவள் அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏற்றினேன். பையை வாங்கி மேலே வைக்கக்கூட இல்லை. பஸ் கிளம்பும்வரை நிற்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பட்டனின் வயரைக் கட்டர் வைத்து வெட்டினேன். இனிமேல் இந்த மெஷினை யாராலும் நிறுத்த முடியாது. வெட்டும்போது சாந்தாமணி பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள அவளுக்குக் கழுத்து வராது, கண்ணை மூடிக்கொண்டாள்.

மில்லில் லீவு சொல்லிவிட்டேன்.

9 ஜூலை, செவ்வாய்

ஒரு நாளைக்கு என்னென்ன இருக்கிறது என்று இதுவரை எனக்குத் தெரியாது. காலையில் புரட்டிப் போட்டுத் துடைக்க வேண்டும். அவள் எச்சிலை அவளால் விழுங்க முடியாது, உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கஞ்சி கொடுக்க மாஸ்க்கைக் கழற்றினால் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்த ஆள் மாதிரி கண் பிதுங்குகிறது. இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்று உதட்டை மூடிக்கொள்கிறாள். ஐந்தாறு வாய் என்று இந்தக் குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது எப்போதைய கணக்கோ.

மாஸ்க் அழுத்தி மூக்குத்தண்டில் தோல் போய்ப் புண். அதன்மேல்தான் தினமும் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கோகிலா ஒருநாளும் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தாலும் நான் பட்டையின் அளவைத்தான் பார்த்திருப்பேன்.

10 ஜூலை, புதன்

என்னோடு பேசவில்லை. கஞ்சியும் குடிக்கவில்லை. கெஞ்சினேன். திட்டவும் செய்தேன். அப்புறம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பயமாக இருக்கிறது, வேறென்ன எழுத.

11 ஜூலை, வியாழன்

இன்று பேசினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று, எழுதினால் பத்து வரிகூட வராது. ஆக்சிஜன் அளவு இறங்கினதற்கு அவள் விரலில் மாட்டியிருந்த மீட்டர் பீப் பீப் என்று கத்தியது. மீட்டரை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்தேன்.

"மெஷின் நல்லாத்தான் இருக்குதுங்க. எனக்குத்தான் முடியல" என்றாள்.

தொண்டையில் குழாய் வைத்தால் இன்னும் சில வருஷம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"அந்த வருசத்த வெச்சுட்டு நான் என்ன பண்றதுங்க?"

எனக்காக இரு என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வெட்கமாக இருந்தது.

"கோகிலாகிட்டக் கேட்டது என் தப்பு. பாவம் அது. உங்ககிட்டத்தான் கேக்கோணும்னு இருந்தேன். எத்தன தடவ வாயெடுத்தேன்" என்றாள். அதற்கு மேல் மூச்சு வரவில்லை. மீதியை அவள் சொல்லவும் வேண்டியதில்லை, இந்தக் குறிப்பைத் திருப்பிப் பார்த்தாலே இருக்கிறது.

கடைசியில் கேட்டாள். கண்ணை என் கண்ணை விட்டு எடுக்காமல் கேட்டாள். நான் சரி என்றேன்.

12 ஜூலை, வெள்ளி

பட்டன் வயரை மறுபடி பற்றவைத்தேன். மற்ற ஏழு இடத்திலும் நான் இழுத்த வயரைக் கழற்றிச் சுத்தம் செய்து மூடியைப் போட்டேன்.

உடுமலைக்குப் போய்க் கோகிலாவைக் கூட்டிவந்தேன். வாசலில் நின்று வரமாட்டேன் என்றாள். அவள் அண்ணன் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். பஸ் பல்லடம் தாண்டும்போது, அக்கா சாப்பிட்டுச்சுங்களா என்று கேட்டாள்.

15 ஜூலை, திங்கள்

கடைசிக் கட்ட நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கிற டாக்டர் இந்திராணியைக் கூப்பிட்டோம். சாந்தாமணியைத் தனியாக வைத்துப் பேசினார். பிறகு இன்னொரு டாக்டர் வந்து அதையே தனியாகக் கேட்டார். குழாய் வேண்டாம், மாஸ்க்கும் வேண்டாம் என்று அவள் தெளிவாகச் சொன்னாளாம். மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்க முதலில் மருந்து கொடுத்து, அவள் அயர்ந்த பிறகுதான் மெஷினை நிறுத்துவார்கள். அதற்கு முறை இருக்கிறது, காகிதங்கள் இருக்கின்றன, டாக்டர்களே செய்வார்கள், உங்கள் வீட்டில் யாரும் எதையும் தொட வேண்டியதில்லை என்றார். அதைச் சொல்லும்போது கோகிலாவைப் பார்த்துச் சொன்னார். கோகிலா புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை என்று முடிவானது. ஆடி பிறந்துவிடுமே என்று நான் இழுத்தேன். சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் புரையேறி, உறிஞ்சி எடுக்க வேண்டியதாயிற்று.

17 ஜூலை, புதன்

ஸ்கோப்பை மில்லில் கொண்டுபோய்ப் போட்டேன். சூப்பர்வைசர் பழுது கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன்.

18 ஜூலை, வியாழன்

கோகிலா காலையிலேயே அக்காவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சீவி, பூ வைத்து, இலந்தைப் பழ நிறத்துச் சேலையைச் சுற்றிவிட்டிருக்கிறாள். மாஸ்க்குக்குக் கீழே பூவாசம் தெரிகிறதா என்று கேட்டதற்குச் சாந்தாமணி கண்ணைச் சிமிட்டினாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மோட்டார் பேரிங் கரகரப்பு இன்று கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னிக்கு எதையும் கழட்டாதீங்க. எம் பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் பத்து மணிக்கு வருகிறார். நோட்டு மடியில் நழுவுகிறது, இடது கையால் அவள் கையைப் பிடித்திருப்பதால் எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போகிறது.